கருவாலி ஒளித்துவைத்த செவலை

அந்தக் காலத்தில் நாய்க்கும் வாய் இருந்தது, ஆட்டுக்கும் வாய் இருந்தது. கேட்கிற காதுதான் மனுஷனுக்கு அவ்வளவாக இல்லை.

அப்போதெல்லாம் நாய்க்குட்டிகள் நிறமே இல்லாமல்தான் பிறக்கும். தாயோ தகப்பனோ, யார் நக்கிவிடுகிறார்களோ அவர்கள் நிறம் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாய்க்கு ஒரே நிறம், அவ்வளவுதான்.

குருந்தன் என்றொரு கீதாரி. ஊர் ஊராக ஆட்டு மந்தையை ஓட்டிப்போய் வயலில் கிடை போட்டுப் பிழைப்பவர். நல்ல மனுஷன்தான், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. இருட்டில் நரி கண்ணில் படாமல் காவல் நிற்கக் கறுப்பு நாய்தான் தோது என்பார். செவலைக்குட்டி பிறந்தால், கிடையை அடுத்த ஊருக்கு மாற்றும் அன்று அதைப் பொட்டலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். மற்றக் கீதாரிகளும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். கிடைக்கு ஒரு கிழட்டுச் செவலை மிஞ்சினாலே அதிகம்.

குருந்தன் கிடையில் மிஞ்சியவன் செம்பன். அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கருவாலி, அட்டைக்கரி நிறம். அவள் சினையாக இருந்தபோது செம்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் நக்கினால் குட்டி பொட்டலில் கிடந்து சாகும். அவள் நக்கினால் குட்டி பிழைக்கும், ஆனால் அவனோடு அந்த நிறமே முடிந்துபோகும்.

கருவாலி லேசுப்பட்டவள் இல்லை. நான்கு குட்டிகள் பிறந்ததும் புருஷனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"முதல்ல நீ நக்கு. ஈரம் காயறதுக்குள்ள நான் அதுமேலயே நக்கிடறேன். உன்னோடது உள்ள கிடக்கட்டும், என்னோடது மேல கிடக்கட்டும்."

அதுவரை எந்த நாய்க்கும் தோன்றாத யோசனை அது. நான்கும் அட்டைக்கரி. குருந்தனுக்கு வாயெல்லாம் பல். செம்பன் மட்டும் குட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். தன் நிறத்தில் ஒரு மயிர்கூட இல்லை. அப்படியும் நான்கையும் அணைத்துப் படுத்துக்கொண்டானே, அதுவும் பெரிய மனசுதான். அந்தக் கோடையிலேயே செத்தும் போனான். கருவாலி இந்த வித்தையைப் பக்கத்துக் கிடைகளுக்கும் சொல்லியனுப்பினாள்.

வருஷங்கள் போயின. எந்தக் கிடையிலும் செவலை இல்லை. கருவாலியின் மகள் மையாள், பக்கத்துக் கிடையில் இருந்த காரி என்ற நாயோடு சேர்ந்தாள். அவனும் கறுப்புதான். குட்டி போட்டதும் இருவரும் மாறி மாறி நக்கினார்கள். மூன்று குட்டிகள் கறுத்தன. நான்காவது, செம்மண் நிறத்தில் நெளிந்தது.

இது யாருக்குப் பிறந்தது என்று காரி உறுமினான். மையாள் எவ்வளவு சத்தியம் செய்தும் அவன் நம்பவில்லை. குருந்தனோ எதையும் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் கிடையைக் கிளப்பும்போது அந்தக் குட்டியை மட்டும் ஆவாரஞ்செடி ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு நடந்தார்.

கிழடாகிப்போன கருவாலி ஓடிப்போய் அவர் காலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"எம் மகமேல பழி இல்ல அய்யா. அன்னிக்கு செம்பன் நக்கினதுக்கு மேலதான் நான் நக்கினேன், காரியோட ஆத்தாளும் அப்படித்தான். அவளுக்குள்ளயும் செவலை இருக்கு, காரிக்குள்ளயும் இருக்கு. நக்கும்போது ரெண்டுல எது நாக்குல வரும்னு அவுங்களுக்கே தெரியாது. இந்தக் குட்டிக்கு ரெண்டுபேருகிட்ட இருந்தும் செவலையே வந்திருச்சு. மேல போர்த்தக் கறுப்பு இல்ல. நீங்க விட்டுட்டுப் போறது செம்பனை."

குருந்தன் ஆவாரஞ்செடிக்கே திரும்பி நடந்தார். குட்டியைத் தூக்கிப் பார்த்தார். செம்பன் நெற்றியில் இருந்த அதே சுழி. எத்தனை இரவு அவன் காவலில் தூங்கியிருக்கிறார்! தாங்க முடியவில்லை அவருக்கு. தோளில் கிடந்த கம்பளியை எடுத்துக் குட்டியைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காரி தலையைத் தொங்கப்போட்டபடி மையாள் பக்கத்தில் போய் நடந்தான்.

கருவாலியின் அந்த யோசனைக்குப் பிறகுதான் நாய்கள் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு நிறத்தைச் சுமக்கின்றன. கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே திடீரென்று ஒரு செவலை பிறந்தால், யாருக்குப் பிறந்தது என்று எந்தக் கீதாரியும் கேட்பதில்லை. "வந்துட்டியாப்பா" என்றுதான் தூக்கிக்கொள்கிறார்கள்.