‘ஆனால்’ என்றால் மொட்டை

மழை பெய்தால் மன்னரைப் புகழ்வதும் பெய்யாவிட்டால் வருணனைத் திட்டுவதும் வழக்கமாயிருந்த அந்தக் காலத்திலே, குடக்காட்டு நாட்டை இளங்கூத்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். நினைத்தது நினைத்தவுடன் நடக்க வேண்டும், அவ்வளவே.

ஒருநாள் தம் பட்டத்து யானைக்குப் பளிங்கில் குளம் கட்டப் போவதாகச் சொன்னார். அமைச்சர் வேம்பரையர் எழுந்து, “கட்டலாம் அரசே. ஆனால் ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது” என்றார். ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

வேம்பரையரின் பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த சொல்லலங்காரப் பண்டிதர் அன்று மாலையே ராஜாவின் காதைக் கடித்தார். உங்கள் ஆசைக்கெல்லாம் குறுக்கே நிற்பது அமைச்சர்கூட இல்லை, அவர் வாயிலுள்ள அந்த ‘ஆனால்’தான் என்றார். மறுநாளே தண்டோரா போட்டாயிற்று: அரசவையில் ஆனால், ஆகவே, ஏனென்றால் என்று எவன் சொன்னாலும் மொட்டை.

நாவிதனுக்கு நல்ல வேலை. சேனாதிபதியே ஒரு ‘ஆகவே’யில் முடியை இழந்தார். வேம்பரையர் கவனமாக, “குளம் கட்டலாம். ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது” என்று சொல்லிப் பார்த்தார். “கட்டுவோம். கிடக்கட்டும்” என்றார் ராஜா. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழே இருந்த ஊர்களை நினைத்து அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாராட்டு வாசித்தார்:

“பகைவர் வந்தனர். மன்னர் வெளியே வந்தார். பகைவர் ஓடினர். மன்னர் உணவருந்தினார். நாடு சிரித்தது.”

ராஜா உருகிப்போனார். பண்டிதர் விடவில்லை, அமைச்சரும் இப்படி நாலு வார்த்தை புகழட்டுமே, நாக்குத் தவறினால் முடியோடு பதவியும் போகட்டும் என்றார். ராஜாவும் தலையசைத்தார்.

வேம்பரையர் எழுந்தார்.

“பகைவர் வந்தனர். மன்னர் உணவருந்தினார். பகைவர் ஓடினர். மன்னர் வெளியே வந்தார். நாடு சிரித்தது.”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். ராஜா சிவந்துபோனார்.

“சோற்றுத் தட்டோடு ஒளிந்திருந்து, பகைவர் போன பிறகு வந்தேன் என்கிறீரா?”

“‘ஒளிந்திருந்து’ என்றோ ‘பிறகு’ என்றோ நான் சொல்லவில்லை, அரசே. அவை தாங்கள் சேர்த்தவை. என்னுடையது ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் பண்டிதர் சொற்கள். இரண்டு வாக்கியங்களை மட்டும் இடம் மாற்றி உட்கார வைத்தேன்.”

பண்டிதர் துள்ளி எழுந்தார். “அபாண்டம், மன்னா. சொற்கள் என்னுடையவைதான், ஆனால் நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை, ஏனென்றால்…”

அதற்குள் நாவிதன் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டான்.

வேம்பரையர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஒரு பேச்சை அடுத்த பேச்சோடு கட்டும் கயிறு அந்தச் சின்னச் சொற்கள், அரசே. அறுத்துப்போட்டாலும் கேட்கிறவர் சும்மா இருப்பதில்லை, தம் கயிற்றால் கட்டிக்கொள்கிறார். எப்படிக் கட்டுவார் என்பது நம் கையில் இல்லை.”

“அப்படியானால் அன்று நீர் குளத்தையும் கரையையும் பற்றிச் சொன்னது?”

“தாங்கள் தனித்தனியாகக் கேட்டீர்கள். நான் ஒன்றாகச் சொன்னேன்.”

ராஜா தம் கழுத்து முத்துமாலையை எடுத்து அமைச்சர் கழுத்தில் போட்டார். சட்டம் ரத்து, பளிங்குக் கல்லெல்லாம் ஏரிக்கரைக்குப் போகட்டும், யானை ஆற்றில் குளிக்கட்டும் என்றார். பண்டிதருக்கு மொட்டை போட்டு முடித்த பிறகே சட்டம் ரத்தாகும் என்றும் சொன்னார்.

பண்டிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு சேர்ந்தார். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள்.

“சபைக்குப் போனேன். மொட்டை அடித்துவிட்டார்கள்” என்றார் சுருக்கமாக.

“அங்கேயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லையா?” என்று கேட்டபடி அவள் அரைத்த சந்தனத்தை எடுத்து வந்தாள்.