வாய் நிறையச் சேறு சுமந்த விரால்

பனங்காட்டுச் சரிவின் கீழே ஒரு குளம் இருந்தது. காலைப் பனி அதன்மேல் படுத்துத் தூங்கும். வெயில் வந்து எழுப்பினால்தான் எழுந்து போகும்.

அந்தக் குளத்தில் ஒரு விரால் மீன் முதன்முறையாகத் தாயாகியிருந்தது. செக்கச் சிவந்த குஞ்சுகள்! செம்பருத்தி இதழைக் கிழித்துத் தூவியதுபோல அவை தாயின் தலைக்கு மேலே மிதந்தன. ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். தாய் பார்த்துக்கொண்டே இருக்கும். விராலுக்கு இமை கிடையாது. இருந்திருந்தாலும் அது கண்ணை மூடியிருக்காது. அவ்வளவு பயம்.

சரிவின் மேலே ஒரு பெருச்சாளி மாளிகை கட்டிக்கொண்டிருந்தது. எலிக் கூட்டம் ஒன்று வேலைக்கு வந்திருந்தது.

"வாசல் பளிச்சுனு இருக்கணும்டா! அந்தப் புல்லையெல்லாம் பிடுங்குங்க!" என்றது பெருச்சாளி.

எலிகள் பிடுங்கின. தோண்டிய செம்மண்ணைச் சரிவின் விளிம்பில் குவித்தன. பழைய வளையில் அழுகிக் கிடந்த கடலைத் தோலையும் அதன்மேல் கொட்டின. சரிவு மொட்டையாக, அழகாக மின்னியது.

ஒரு தட்டான் தாழப் பறந்து குளத்துக்கு வந்தது. "விரால் அக்கா! மேகம் கூடுது! மேலே குவிச்சிருக்கிற மண்ணு உங்க தலைக்கு நேராத்தான் நிக்குது!"

விரால் உடனே குஞ்சுகளைத் தாமரை இலைக்கு அடியில் ஒதுக்கியது. "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று தட்டானிடம் சொல்லிவிட்டுக் கரையேறியது. விரால் ஈரத்தில் ஊர்ந்து போகும், தெரியும்தானே? பனி ஈரத்தில் வயிறு தேய, மூச்சு வாங்க, சரிவில் ஏறியது.

"டேய், மீன் நடந்து வருதுடா!" என்று எலிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"அண்ணே, அந்த மண்ணை மூடி வையுங்க. மழை வரப்போகுது" என்றது விரால்.

"மண்ணுதானே தங்கச்சி! விஷமா வச்சிருக்கேன்? மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும். எனக்கும் வேலை மிச்சம்!"

"எங்கே போயிடும்?"

"எங்கேயோ போயிடும்! போறதுக்கு அட்ரஸா கேட்டு வைப்பாங்க?"

"நீங்க எங்கேயோன்னு சொல்ற இடத்துலதான் அண்ணே நான் குடியிருக்கேன். என் பிள்ளைங்க செவுள்ல சேறு அடைச்சா மூச்சுவிட முடியாது."

பெருச்சாளி மீசையை நீவியது. "குளம் உன்னுது, சரிவு என்னுது. சரி, உன் மனசுக்காக!" கரையோரம் நாலு குச்சியை நடச் சொன்னது. "பார்த்தியா, வேலி! போய் நிம்மதியா இரு."

அன்று பிற்பகல் சிறு தூறல்தான் விழுந்தது. பூ உதிர்வதுபோன்ற தூறல். ஆனால் புல் இல்லாத சரிவில் அது நிற்கவில்லை. செம்மண்ணைக் கூட்டிக்கொண்டு, குச்சிகளைச் சுற்றிக்கொண்டு, குளத்துக்குள் இறங்கியது. தண்ணீர் சிவந்தது. எது குஞ்சு, எது சேறு என்று தாய்க்குத் தெரியவில்லை. முட்டி முட்டித் தள்ளிக் குஞ்சுகளை மறுகரைக்குக் கொண்டுபோனது. சில குஞ்சுகள் மேலே வரவில்லை. கூப்பிடலாம் என்றால், இன்னும் அவற்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

தூறல் நின்றது. மேற்கே பெரிய மேகம் கன்னங்கரேலென்று காத்திருந்தது.

விரால் குளத்தடிக்குப் போய், வாய் கொள்ளும் மட்டும் சேற்றை அள்ளியது. ஈரச் சரிவில் ஏறியது. மாளிகையின் முன் அறைக்குள் அதைத் துப்பியது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி துப்பியது.

உள்ளே பெருச்சாளிக் குட்டிகள் கண் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தன. சேறு அவற்றின் மூக்கு நுனியைத் தொட்டது. ஒரு குட்டி தும்மியது.

பெருச்சாளி பதறி ஓடி வந்தது. "ஏய்! என்ன பண்றே? என் பிள்ளைங்க தூங்குதுங்க!"

"உங்க மண்ணுதான் அண்ணே. மண்ணுதானே, விஷமா? கவலைப்படாதீங்க, போயிடும்!"

"எங்கே போகும்? என் வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்டா அது எங்கே போகும்!" என்று கத்திய பெருச்சாளி, பாதியில் நின்றுவிட்டது.

அது மெல்லத் திரும்பிச் சரிவைப் பார்த்தது. தன் வாசலிலிருந்து குளம் வரை ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. இத்தனை நாள் மாளிகையைப் பார்த்ததே தவிர, கீழே பார்த்ததில்லை.

"எத்தனை பிள்ளைங்க போச்சு, தங்கச்சி?"

விரால் குளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"டேய் பசங்களா! பிடுங்கின புல்லை நடுங்கடா!"

"நீங்கதானே முதலாளி பிடுங்கச் சொன்னீங்க!"

"இப்போ நடச் சொல்றேன்டா! பனையோலையை இழுத்துட்டு வந்து குவியலை மூடுங்க! தங்கச்சி, வேற என்ன செய்யணும்?"

"குப்பையை மழை படாத இடத்துக்கு மாத்துங்க. சரிவுக்கு அடியில ஒரு பள்ளம் வெட்டுங்க. கலங்கின தண்ணிக்கு உட்கார இடம் குடுத்தா அதுவே தெளியும் அண்ணே. தெளிஞ்சது மட்டும் வழிஞ்சு வரட்டும்."

எலிகள் இப்போது சிரிக்கவில்லை. புல்லைப் பத்தை பத்தையாகக் குறுக்கே நட்டன. ஓலையைப் போர்த்திக் கல் வைத்தன. அடியில் பள்ளம் வெட்டி, அதன் கரைக்கு மண் அணைத்து முடிப்பதற்குள் முதல் துளி விழுந்தது.

பிறகு வானமே இறங்கி வந்தது. பனை மரங்கள் தலைவிரித்து ஆடின. சரிவில் ஓடி வந்த தண்ணீர் ஒவ்வொரு புல்லாகத் தொட்டு, வேகம் தணிந்து, பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. திடீரென்று பள்ளத்தின் கரை ஓரிடத்தில் பிளந்தது. பெருச்சாளி ஓடிப்போய் அந்தப் பிளவில் தன் முதுகைக் கொடுத்து அமர்ந்துகொண்டது.

"தங்கச்சி!" என்று மழைக்குள்ளிருந்து அதன் குரல் வந்தது. "தெளிவா வருதா?"

குளத்துக்குத் திரும்பியிருந்த விரால் அண்ணாந்து பார்த்தது. மழைத்துளிகள் குளத்தின்மேல் வெள்ளி வளையங்கள் வரைந்தன. ஒரு வளையத்துக்குள் ஒரு சிவப்புக் குஞ்சு மேலே வந்தது. காற்றைக் குடித்தது. அடுத்த வளையத்துக்குள் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று.

"தெளிவா வருது அண்ணே!" என்றது விரால். "நீங்க எழுந்திரிக்காதீங்க!"

"எங்கே எழுந்திரிக்கிறது! உட்கார்ந்தே இருக்கேன்!" என்றது பெருச்சாளி. மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தது.

நம் வாசலை விட்டுப் போகும் அழுக்கு இன்னொருவர் வீட்டுக்குள்தான் போய்ச் சேரும் என்பதால், மண்ணைத் தோண்டுகிறவர் மழை வருமுன்பே அதைத் தன் இடத்திலேயே தடுத்து வைக்க வேண்டும்.