கொம்பையா குடித்த ஜெலட்டின் தண்ணி

கொம்பையா அண்ணாச்சி வாயைத் திறந்தால் பொய் மட்டும்தான் வரும் என்று சொல்வது தப்பு. கொட்டாவியும் வரும். இரண்டுக்கும் நடுவில் உண்மை என்று ஏதாவது வந்து நான் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் குடம் வாங்கினால், அந்தக் குடத்தில் எந்த ராஜா குளித்தார் என்ற வரலாறும் கூடவே வரும். குடம் போன வாரம்தான் லாரியில் வந்து இறங்கியிருக்கும்.

அன்றைக்கு அவரை நான் பார்த்தது கடையில் அல்ல, மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலை நேரம். வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் யாரும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. ரத்தம் எடுக்கிற பெண் பொன்செல்வி, கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எதிர்த்த ஓட்டலில் வடை வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் கடித்துத் தின்னாமல் உட்கார்ந்திருந்ததே பெரிய காரியம்.

என் பக்கத்தில் சிவகடாட்சம் பிள்ளை, ரிட்டையர் ஆன போஸ்ட் மாஸ்டர். அவருக்கு அந்தப் பக்கம் மரியபாக்கியம் டீச்சர். எதிர் பெஞ்சில் தையல்காரர் மைதீன் பாய், வலது காலை நீட்டி வைத்தபடி. முழங்காலில் ஆபரேஷன் பண்ண வேண்டும், உடம்பைக் குறைத்தால்தான் பண்ணுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தையல் மெஷினை மிதிக்க முடியாமல் கடையைப் பாதி நாள் பூட்டி வைத்திருக்கிறார். பாய்க்குப் பக்கத்தில், பெஞ்சில் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு கொம்பையா.

அந்த அமைதியில் பிள்ளையின் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது.

"என்ன வே, தபால் வண்டி வந்துட்டா?" என்றார் கொம்பையா. "ஒரு ராத்திரி பட்டினிக்கே இந்தக் கூப்பாடா? என்னைப் பாரும். எனக்குப் பசின்னா என்னன்னே மறந்து போச்சு."

"எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டார் பாய். கேட்டிருக்கக் கூடாது.

"ஜெலட்டின் தண்ணி. பேக்கரியில கேக்குக்குப் போடுவாம்லா, அந்தத் தூள். ஒரு ஸ்பூன் எடுத்து, கால் டம்ளர் பச்சத் தண்ணியில தூவிடணும். ஊறிப் பொதபொதன்னு வரும். அப்புறம் நல்ல சுடுதண்ணி ஊத்திக் கலக்கணும். கட்டி தட்டாம கரைஞ்சதும் அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு, இஞ்சி கொஞ்சம் தட்டிப் போடணும். சீனி போடக் கூடாது. இறுகுறதுக்குள்ள வெதுவெதுன்னு குடிச்சிரணும். சாப்பாட்டுக்கு முன்னால ஒரு டம்ளர் குடிச்சா வயிறு திம்முனு இருக்கும், ரெண்டு தோசை இறங்குற இடத்துல ஒண்ணுதான் இறங்கும்."

இங்கேயே நிறுத்தியிருந்தால் அவரை ஒரு மனிதராக மதித்திருப்பேன். தண்ணியைப் பற்றி இதுவரைக்கும் சொன்னதில் பொய் இல்லை. என் மதினியும் வீட்டில் இப்படித்தான் போடுவாள்.

"அந்தத் தூள் எலும்புல இருந்துல்லா எடுக்கான்?" என்றார் பிள்ளை. அவர் சுத்த சைவம்.

"கடையில விக்கிறது அப்படித்தான். நான் வாங்குற இடமே வேற. அங்க மாட்டைத் தொடவே மாட்டான். அது பாட்டுக்கு மேய்ஞ்சிட்டு வந்து, முழங்கால்ல இருந்து தூளை உதறிட்டுப் போகும். துடைப்பத்தால கூட்டி அள்ளிக்கிடுவான்."

"அது பொடுகா இருக்கும்" என்றார் டீச்சர். அவர் இத்தனை வருஷமும் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். இதைவிட நல்ல பொய்களைக் கேட்டிருப்பார்.

கொம்பையா அதைக் காதில் வாங்கவில்லை. "முத நாள் ஒரு டம்ளர் குடிச்சேன். அந்தப் புரட்டாசி முழுக்கப் பசிக்கல. வீட்டுக்காரி அடுப்பு பத்த வைக்கல. அடுப்படியில சிலந்தி வலை கட்டி, அதுக்குள்ள குருவி கூடு கட்டி, குஞ்சும் பொரிச்சிட்டு. சிலிண்டர் போடுறவன் வாசல்ல வந்து நின்னு அழுதான். அண்ணாச்சி, சிலிண்டர் கேட்டு போனே வரல, வீட்டுல எல்லாரும் தவறிட்டீங்கன்னு நினைச்சு மாலையோட வந்திருக்கேன்னான்."

"மாலையைப் போட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார் பிள்ளை.

"உடம்பு இளைச்சுதா அண்ணாச்சி?" பாய்க்கு அதுதான் கவலை.

"இளைச்சுதாவா? வேட்டியைக் கட்ட ஆரம்பிச்சா சுத்திக்கிட்டே இருப்பேன், முனை கிடைக்காது. ஒருநாள் சுத்தி முடிக்கதுக்குள்ள பொழுது சாய்ஞ்சுட்டு. பிறகு வேட்டியை விட்டுட்டு வீட்டுக்காரி தலைக்குக் கட்டுற ரிப்பனைக் கட்டிக்கிட்டேன். காத்து அடிச்சா தெருவுல நடக்க முடியாது. இடுப்புல ரெண்டு பக்கமும் தராசுப் படிக்கல்லைக் கட்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போவேன்."

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் வயிற்றைப் பார்த்தோம். அது சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே மூன்று இடத்தில் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ இது யாரு வயிறு?" என்று கேட்டேன்.

"இது வயிறு இல்ல வே. இளைச்ச பிறகு மிஞ்சிப்போன தோலு. வெட்டிப் போட மனசு வரல. உள்ள மடிச்சு வச்சிருக்கேன்."

சொல்லும்போது கண் இமைக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டும்.

"தென்காசியில என் மச்சினன் மகளுக்குக் கல்யாணம்" என்று அடுத்ததை ஆரம்பித்தார். "வாசல்ல பன்னீர் தெளிச்சு, வாறவங்களுக்கு ஜூஸ் குடுப்பாவல்லா, அந்தப் பொறுப்பு எனக்கு. நான் எல்லாருக்கும் ஜெலட்டின் தண்ணியைக் குடுத்துட்டேன். ஊரே திரண்டு வந்திருக்கு. ஒருத்தன் பந்தியில உக்காரல. எலையைப் பார்த்தாலே ஏப்பம் விடுதான். சமையக்காரன் சாம்பார் அண்டாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். வடையை நாய்க்குப் போட்டா, நாய் வேண்டாம்னு தலையை ஆட்டுது. அதுவும் வாசல் வழியாத்தான் வந்திருக்கு."

"நாய்க்கும் பன்னீர் தெளிச்சீரா?" என்றார் பிள்ளை.

"மாப்பிள்ளை வீட்டு நாய் வே. தெளிக்காம விட முடியுமா?"

பாய் மட்டும் சிரித்தார். பசியில் எங்களுக்குச் சிரிக்க வரவில்லை. வடை, சாம்பார் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பொன்செல்வி கம்ப்யூட்டரின் மண்டையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மிச்சம் ரெண்டு அண்டா தண்ணி இருந்துது. ஊர்ல கொண்டுவந்து குளத்துல ஊத்திட்டேன். அதுதான் தப்பாப் போச்சு." கொம்பையா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில போய்ப் பாத்தா குளம் முழுக்க இறுகிக் கிடக்கு. கண்ணாடி மாதிரி. உள்ள கெண்டை மீனு நீந்துன வாக்குல அப்படியே நிக்கி. நடுவுல எருமை ஒண்ணு கழுத்தளவுக்கு மாட்டிக்கிட்டு, நிம்மதியா அசை போட்டுக்கிட்டிருக்கு. சனம் அரிவாளைக் கொண்டுவந்து துண்டு துண்டா வெட்டிக் கூடையில அள்ளிட்டுப் போவுது. அக்கரைக்குப் போற மினி பஸ்சு, சுத்துவழி எதுக்குன்னு குளத்து மேலயே விட்டுட்டான். டிரைவர் பிரேக் போட்டா பஸ் நிக்கும், ஆனா குலுங்கிக்கிட்டே நிக்கும். கைப்பிள்ளையெல்லாம் நல்லாத் தூங்கிட்டு."

"வெயில் ஏறினா உருகிப் போயிருக்குமே" என்றார் டீச்சர். அவருக்குப் பிழை திருத்தாமல் இருக்க முடியாது.

"உருகத்தான் ஆரம்பிச்சுது. பஸ் நடுக்குளத்துல. நான் என்ன பண்ணினேன்னா, ஊர்ல இருந்த பொம்பளையாளு எல்லாரையும் முந்தானையால வீசச் சொன்னேன். அந்தக் காத்துல குளம் மறுபடி இறுகி, பஸ் கரையேறுன பிறகுதான் உருகுச்சு. கண்டக்டர் இன்னிக்கும் எங்கிட்ட டிக்கெட் கேக்க மாட்டான்."

"இவ்வளவு வல்லவரு இங்க எதுக்கு வந்து உக்காந்திருக்கீரு?" பிள்ளைக்குக் குரல் ஏறிவிட்டது. "பசியே இல்லாத மனுசனுக்கு ரத்தப் பரிசோதனை எதுக்கு?"

"டாக்டர் கெஞ்சுனாரு வே. மத்தவங்களுக்குக் காட்ட மாதிரிக்கு ஒரு பாட்டில் ரத்தம் வேணும்னாரு. எனக்கு இருந்த சர்க்கரைக்கு, என் வேர்வையைத் தேடி எறும்பு வெளியூர்ல இருந்து வரும். இந்தத் தண்ணியைக் குடிக்க ஆரம்பிச்சதும் எல்லாம் போச்சு. மாத்திரையை அன்னிக்கே நிறுத்திட்டேன். இருந்ததைப் பூராவும் கோழிக்குப் போட்டேன். அந்தக் கோழி இடுற முட்டையை இப்போ சர்க்கரைக்காரங்க வந்து வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாவ. இந்த மாத்திரை எல்லாம் சும்மா வே. ஜெலட்டின் ஒண்ணு போதும்."

பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சட்டைப் பையில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தார்.

"பாய், அதை உள்ள வையுங்க" என்றார் டீச்சர்.

"இதைச் சாப்பிட்டா வயித்தைப் பெரட்டுது டீச்சர். சாப்பிட்டும் சர்க்கரை இறங்க மாட்டேங்கு. காலும் சரியாகல."

"அதுக்காக? இவர் குளத்துல பஸ் ஓட்டினவரு. இவர் பேச்சை நம்புதீங்களா?"

"குளம் பொய்னு எனக்குத் தெரியாதா?" பாய் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாய் பொய், வேட்டி பொய். எல்லாம் பொய்யா இருந்துட்டுப் போகட்டும். மாத்திரை வேண்டாம்னு சொன்னது ஒண்ணு மட்டும் உண்மையா இருக்கக் கூடாதான்னு பாத்தேன்."

எனக்கும் இரண்டு வேளை மாத்திரை உண்டு. பாய் கேட்டதை நானும் பல நாள் கேட்டிருக்கிறேன், ஆனால் வாய்விட்டுக் கேட்டதில்லை.

டீச்சர் கொம்பையா பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, நீங்க குளத்தை உறைய வையுங்க, கடலையும் உறைய வையுங்க. கேக்கதுக்கு நாங்க இருக்கோம். மருந்தைப் பத்தி மட்டும் பேசாதீங்க. இந்த மனுசனுக்குக் காலு வேணும். நீங்க சொன்ன தண்ணியை அவர் குடிக்கட்டும், நல்லதுதான். மாத்திரையையும் சாப்பிடட்டும். வயித்தைப் பெரட்டினா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கிடட்டும்."

கொம்பையா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். "என் உடம்புக்கு ஒத்துக்கிட்டுது, சொன்னேன்" என்றார். பாய் அட்டையைப் பையில் வைத்தார். ஆனால் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே கம்ப்யூட்டர் ஒருவழியாகச் சத்தம் கொடுத்தது. பொன்செல்வி வாசலுக்கு வந்து பேரைக் கூப்பிட்டாள். முதல் பேர் கொம்பையா.

அவர் எழுந்ததும் பெஞ்சின் அந்த முனை நிமிர்ந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. நாங்கள் இருந்த கூடத்தில் மங்கலான ஒரே ஒரு குழல் விளக்கு, உள்ளே பகல் மாதிரி வெளிச்சம். பொன்செல்வி அவர் கையில் ரப்பரைக் கட்டிவிட்டு, முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து மறுபடி பார்த்தாள். பிறகு ரப்பரை அவிழ்த்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் கொம்பையா.

"சாப்பிட்டு வந்தீங்களா அண்ணாச்சி?"

"நானா? ஜெலட்டின் தண்ணியைத் தவிர ஒண்ணும் இறங்கல."

"மீசையில கடுகு இருக்கு. ஒரு கறிவேப்பிலையும் இருக்கு."

பிள்ளையின் வயிறுகூட அடங்கிவிட்டது. எல்லோரும் அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தோம். கொம்பையா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் மைதீன் பாய், பையின் மேலிருந்த கையை எடுத்துவிட்டு, டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், ரத்தம் குடுத்துட்டு எதிர்த்த ஓட்டல்ல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போட்டுக்கிடுதேன். போற வழியில அந்தத் தூளும் கொஞ்சம் வாங்கணும். எலுமிச்சம்பழம் வீட்டுல கிடக்கு."

கொம்பையா மூச்சை விட்டார். மீசையைத் தடவவில்லை, துடைக்கவும் இல்லை.

"அது போன தீபாவளிக்குச் சாப்பிட்ட சட்னிம்மா. மறுநாளே ஜெலட்டின் குடிச்சேம்லா, அந்தப் பிடியில அப்படியே இறுகிப்போய் இருக்கு. எத்தனை குளிச்சும் விட மாட்டேங்கு. தொட்டுப் பாரு, இன்னும் சூடு ஆறல."

பொன்செல்வி தொட்டுப் பார்க்கவில்லை. ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"சரி அண்ணாச்சி. தீபாவளியைக் கழுவிட்டு நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. மைதீன் பாய், நீங்க உள்ள வாங்க."