கடலுக்குள் போன கல்

நெருங்கி உட்காருங்கள். கடலுக்கு மறுகரை உண்டா இல்லையா என்று பெரியவர்களே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், போர்த்துக்கல் என்ற சின்ன நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நாடு கையளவு, ஆசையோ கடலளவு.

அவர் துவார்த்தே என்ற கப்பல் தலைவரை, அவர்கள் பேச்சில் கப்பித்தானைக் கூப்பிட்டு மூன்று கல்தூண்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ராஜாவின் பெயரையும் கிரீடத்தையும் செதுக்கியிருந்தார்கள்.

"புதிதாகக் காணும் மூன்று கரைகளில் இவற்றை நட்டு வா. கல் நின்ற கரையின் வியாபாரமெல்லாம் நமக்கு. நடாத கல் ஒன்று திரும்பி வந்தாலும் உன் தலை வீட்டுக்குப் போகாது" என்றார்.

துவார்த்தே கெட்டவர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதான். சில சமயம் கெட்டவரைவிட அதுவே ஆபத்து.

முதல் கரையில் மக்கள் ஆட்டுப்பாலோடு எதிரே வந்தார்கள். பாலைக் குடித்தார், கல்லை நட்டார், பீரங்கியை முழக்கினார். விடிந்து பார்த்தால் ஊரில் ஓர் ஆடுகூட இல்லை. கிணற்றில் முள்ளைப் போட்டு மூடியிருந்தார்கள்.

இரண்டாம் கரையில் பேரீச்சம்பழத்தோடு வந்தார்கள். பழத்தைத் தின்றார், கல்லை நட்டார், பீரங்கியை முழக்கினார். விடிந்து பார்த்தால் கடைத்தெருவே காலி. நம் தமிழும் தெரிந்த காசிம் என்ற வழிகாட்டி மட்டும் கூலிக்கு வர இசைந்தார்.

பிறகு நடுக்கடல். காயும் கனியும் கண்ணில் படாமல் மாலுமிகளுக்கு ஈறு அழுகிப் பல் உதிர்ந்தது. செத்தவர்களைக் கடலில் விட்டுவிட்டு, மற்றவர்கள் படுத்தபடியே வந்தார்கள். பாவம், அவர்களுக்கும் வீட்டில் வழி பார்த்திருக்க ஆள் இருந்தது.

மூன்றாவதாகத் தெரிந்தது நம் முத்துக்குளிக்கும் கரை. தெரிந்த நேரம் பார்த்துப் புயல் பிடித்தது. நங்கூரக் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்து, கப்பல் பாறையை நோக்கி நழுவியது.

கரையில் நின்ற ஊர்த்தலைவர் கூத்தன் அதைப் பார்த்தார். யார் எவர் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை, ஆட்களோடு தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து கப்பலில் ஏறினார். தளத்தில் மூன்றாவது கல் கிடந்தது. நம் கரைக்காரர்கள் தோணியை நிறுத்தக் கல்லைத்தான் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். ஆகவே அவர் கண்ணுக்கு அது ராஜாவின் பெயராகத் தெரியவில்லை.

"ஓய் கப்பல்காரரே, இம்புட்டு நல்ல நங்கூரக்கல்லைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எதுக்குவே பாறைக்குப் போறீரு?"

காசிம் அதை மொழிபெயர்த்தார். மாலுமிகள் துவார்த்தேயின் முகத்தைப் பார்த்தார்கள். கல் கடலுக்குள் போனால் அவர் தலை போகும். போகாவிட்டால் அத்தனை பேர் உயிரும் போகும்.

"கட்டுங்கள்" என்றார் துவார்த்தே.

கல் கடலுக்குள் போனது. கிரீடமும் பெயரும் சேற்றில் புதைந்தன. கப்பல் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

கரையில் கூத்தனின் மனைவி எலுமிச்சையும் நாரத்தையும் பிழிந்து கொடுத்தாள். "பல்லு போனவனுக்குக் கூழு, இருக்கவனுக்கு மீனு. சண்டை போடாமத் தின்னுங்க" என்றாள். கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பிறகு முத்துக்கும் துணிக்கும் நியாயமாக விலை பேசிக் கப்பலை நிறைத்தார்கள்.

புறப்படும்போது உதவிக் கப்பித்தான் மெல்லச் சொன்னான்: "கல்லை மேலே இழுத்துக் கரையில் நட்டுவிடலாம். உங்கள் தலை தப்பும்."

"நட்ட இடத்தில் ஒரு கிணறு மூடிக்கொண்டது, ஒரு கடைத்தெரு மூடிக்கொண்டது. நமக்குக் கஞ்சி ஊற்றிய கரையும் மூடிக்கொள்ள வேண்டுமா? போகிற தலை என்னுடையதுதானே" என்றார் துவார்த்தே. கல்லை நங்கூரமாகவே கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ராஜாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் முத்தையும் பார்த்துவிட்டாரே. "வேறு கப்பல் போய் மூன்று கரைகளையும் பார்த்து வரட்டும், அதுவரை இவன் சிறையில் கிடக்கட்டும்" என்றார். துவார்த்தேயின் மனைவி தினமும் துறைமுகத்துக்கு வந்து கடலைப் பார்த்து நின்றாள்.

ஒருநாள் அந்தக் கப்பல் திரும்பியது. அதன் கப்பித்தான் ராஜாவின் முன் வந்து நின்றான்.

"முதல் கல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் ராஜா.

"அதில் ஆடு கட்டுகிறார்கள், ராஜாவே. எங்களைக் கண்டதும் ஓடிவிட்டார்கள்."

"இரண்டாவது?"

"உடைத்துப் படிக்கட்டில் போட்டுவிட்டார்கள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை."

"மூன்றாவது கரையில்தான் கல்லே இல்லையே!"

"அங்கேதான் எங்கள் கொடியைக் கண்டதும் தோணியில் வந்து பாறையில் மோதாமல் வழி காட்டி அழைத்துப் போனார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: 'எங்க துவார்த்தே சௌக்கியமா?'"

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு தாமே நடந்து போய்ச் சிறைக்கதவைத் திறந்தார்.

இந்த ராஜாவுக்குப் புரிந்தது. பின்னால் வந்த ராஜாக்களுக்குப் புரிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நமக்குப் புரிந்தால் போதும்: கல்லில் வெட்டிய பெயரை வெயிலும் மழையும் தின்னும், செய்த நன்மையால் மனத்தில் நின்ற பெயரே கரை கடந்தும் வாழும்.