பருந்துக்கு ஒரு குரல், பூனைக்கு ஒரு குரல்

பறவையும் மிருகமும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆபத்தைச் சொல்லக் கோழிக்கு ஒரே ஒரு கத்தல்தான் இருந்தது. பருந்து வந்தாலும் அதே கத்தல், காட்டுப்பூனை வந்தாலும் அதே கத்தல். கேட்டதும் குஞ்சுகள் விழுந்தடித்துப் புதருக்குள் ஓடிவிடும்.

பருந்துக்கும் பூனைக்கும் இது எவ்வளவு வசதி! இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. பருந்து மேலே வட்டமடிக்கும். பூனை புதருக்குள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிடைத்ததை அப்புறம் பங்கு போட்டுக்கொள்ளும். செங்காலி என்ற கோழி, முதன்முதலாகப் பொரித்த குஞ்சுகளை இப்படித்தான் பறிகொடுத்தாள்.

"நான் கத்தாம இருந்திருந்தா அதுங்க பிழைச்சிருக்கும். பூனை வாயில நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்" என்று அவள் தன் புருஷன் சேவலிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடுத்த முறை அடைகாத்தபோது அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. குஞ்சுகள் வெளியே வந்ததுமே பாடம் ஆரம்பித்துவிட்டது. தொண்டையை இழுத்து "கெர்ர்ர்" என்றால் ஆபத்து மேலே. அம்மாவின் சிறகுக்குள் வா. வெட்டி வெட்டி "கொக்! கொக்!" என்றால் ஆபத்து தரையில், மரத்துக்குப் பற.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானேடி கேக்குது? தொண்டை கட்டிக்கப்போவுது, பாரு" என்று சேவல் கேலி செய்தான்.

"ஒங்களுக்குக் கேக்காட்டிப் போவட்டும். எம்புள்ளைங்களுக்குக் கேட்டாப் போதும்."

குஞ்சுகளுக்கு இறகு முளைத்த சமயம், ஒருநாள் காலை பருந்து தலைக்குமேல் வந்தது. செங்காலி "கெர்ர்ர்" என்றாள். ஒரு குஞ்சுகூடப் புதர்ப் பக்கம் போகவில்லை. எல்லாம் அவள் சிறகுக்குள் புகுந்துகொண்டன. காத்துக் காத்துப் பொறுமையிழந்த பூனை, புதரை விட்டு வெளியே வந்து பதுங்கிப் பதுங்கி நெருங்கியது. பருந்தும் இறக்கையை மடக்கிக்கொண்டு கீழே பாய்ந்தது. செங்காலி இரண்டையும் பார்த்தாள். இப்போது தப்பாகக் கத்தினால் இந்தக் குஞ்சுகளும் போய்விடும்.

"கொக்! கொக்! கொக்!"

குஞ்சுகள் படபடவென்று பறந்து பக்கத்து வேப்பமரத்துக்குள் மறைந்தன. பின்னாலேயே அவளும் பறந்தாள். அவள் இருந்த இடத்தில் பூனை பாய, பூனையின் முதுகில் பருந்தின் நகம் இறங்கியது. பூனை சும்மா இருக்குமா? திரும்பிப் பருந்தின் இறக்கையைக் குதறிவிட்டது.

"கூட்டாளியையே கொல்லப் பாக்குறியே, பாவி!" என்று இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடின. அத்தோடு அந்தக் கூட்டு முறிந்தது.

செங்காலி கிளையில் நின்றுகொண்டு காடே அதிரும்படி கொக்கரித்தாள். கேலி செய்த சேவல்தான் ஊரெல்லாம் ஓடி, "எம் பொண்டாட்டி செஞ்ச வேலையப் பாத்தீங்களா!" என்று பீற்றிக்கொண்டான்.

கோழி இனத்துக்கே அன்று வந்து சேர்ந்தவைதான் அந்த இரண்டு குரலும். நேற்றுப் பொரிந்த குஞ்சுக்குக்கூட, எந்தக் குரலுக்கு ஒளிய வேண்டும், எந்தக் குரலுக்கு ஓட வேண்டும் என்று இன்றைக்கும் தெரிந்திருக்கிறது.