வெறுங்கையோடு வந்தவள்

ஒரு மலையடிவாரத்தில் மருத்துவம் சொல்லித்தரும் ஆசான் ஒருவர் இருந்தார். எந்த மலை என்று கேட்காதீர்கள். கதைக்கு அது தேவையில்லை.

புதிதாக வருகிறவர்களை அவருடைய மூத்த சீடன் மாசிலாமணிதான் சோதிப்பான். ஒருநாள் ஒரு மூலிகையை வாய் திறக்காமல் காட்டுவான். மறுநாள் திரைக்குப் பின்னால் நின்று இன்னொன்றின் அடையாளத்தைச் சொல்வான். அடுத்த நாள் கண்ணைக் கட்டிவிட்டு வேறொன்றைக் கையில் கொடுப்பான். பிறகு தோட்டத்துக்குப் போய் அந்தச் செடிகளைப் பறித்து வர வேண்டும். யாருக்குக் கண்ணால் படிப்பு ஏறும், யாருக்குக் காதால், யாருக்குக் கையால் என்று இதில் தெரிந்துவிடும். கண்காரர்களுக்கு முன்வரிசை. காதுக்காரர்களுக்குப் பின்வரிசை. கைக்காரர்கள் மருந்து அரைக்கும் கல்வத்துக்குப் பக்கத்தில்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சும்மா குறை சொல்லக் கூடாது.

சுடலி என்றொருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். தோட்டத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். செடியெல்லாம் உன்னைப் பார்த்து ஓடிவிட்டதா என்று முன்வரிசைக்காரர்கள் கிண்டலடித்தார்கள்.

இவளுக்கு எந்த வழியிலும் ஏறவில்லை, அனுப்பிவிடலாம் என்று மாசிலாமணி ஆசானிடம் சொன்னான். அவளோ புகுந்த வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் படிக்க வந்தவள். திரும்பிப் போனால் கதவு திறக்காது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் சோதனை சோதனைதான் என்றான்.

ஆசான் அவளைக் கூப்பிட்டார்.

"முதல் நாள் என்ன பார்த்தே?"

"அண்ணன் இலையை இடது கையில எடுத்தார். கை தோளுக்கு மேல எழும்பல. வலது கைக்கு மாத்திக்கிட்டார்."

"இலை?"

"அதைப் பார்க்கல ஆசானே."

"திரைக்குப் பின்னால என்ன கேட்டே?"

"நாலு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்கினார்."

பாடத்தைத் தவிர எல்லாம் கவனித்திருக்கிறாள் என்றான் மாசிலாமணி. ஆசான் கையமர்த்தினார்.

"கண்ணைக் கட்டினப்போ?"

"அவர் விரல் சில்லுன்னு இருந்துச்சு. வேர்வை வேற. ஒருத்தர் அப்படி நிக்கும்போது இலை எங்க மனசுல நிக்கும்?"

கிண்டலடித்தவர்கள் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளாகவே அவனுக்கு நெஞ்சுவலி. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சோதிக்கும் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

ஆசான் எழுந்து வந்து அவன் நாடியைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தினமும் உன்கூடத்தான் உட்கார்ந்து சாப்பிடறேன்," என்றார். "எனக்குத் தெரியல."

பாயை விரித்து அவனைப் படுக்க வைத்தார்கள். ஆசானே கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தார். பாதி குடித்துவிட்டு மாசிலாமணி மெதுவாகக் கேட்டான்.

"அவளை எங்க உட்கார வைக்கட்டும் ஆசானே?"

"அவளுக்குப் பிடிச்ச இடத்துல உட்காரட்டும். பக்கத்துல எனக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லு."