மண்டப முதலாளியின் முதல் பக்கம்

கல்யாண மண்டப முதலாளி ஏகாம்பரநாதன் போட்ட கட்டளை இது: வெப்சைட்டைத் திறந்ததும் அவர் மாலையோடு நிற்கிற படம், அப்புறம் தாத்தா, அப்பா, வாங்கிய பட்டங்கள். போன் நம்பர் கடைசிப் பக்கத்தில். ஆனால் மண்டபம் உடனே நிறையணும்; இல்லாவிட்டால் வெப்சைட் கம்பெனியில் டிசைனராக இருக்கும் தமயந்திக்கு வேலை போய்விடும்.

மகளுக்கு முகூர்த்தத் தேதி தேடுகிறவர்கள் இவருக்குப் பாராட்டு விழா எடுக்கவா வருகிறார்கள்? தமயந்தி அதைக் கேட்டதற்கு, "சின்னப் பொண்ணு, சொன்னதைச் செய்" என்றார்.

மறுநாள் அவள் கம்பெனிக்கு வந்தவர், வந்ததும் வராததுமாக, "பாத்ரூம் எங்கேம்மா?" என்றார்.

தமயந்தி கைகூப்பினாள். "வணக்கம் சார். இந்த ஆபீஸை ஆரம்பிச்சவர் எங்க எம்.டி.யோட தாத்தா. அவர் பிறந்தது..."

"பாத்ரூம்மா!"

"அதுக்குத்தான் வர்றேன் சார். அவங்க அப்பா வாங்கின பட்டங்கள்..."

முதலாளி கால் மாற்றிக் கால் நின்றார். "அவங்க குடும்பக் கதையை யார் கேட்டா? வழியை மட்டும் சொல்லு தாயே!"

"இடது பக்கம் சார்."

திரும்பி வந்தவரிடம் சொன்னாள்: "மண்டபம் தேடுறவங்களுக்கும் இதே அவசரம்தான் சார்."

இப்போது முதல் பக்கத்தில் காலித் தேதிகள், வாடகை, போன் நம்பர். மண்டபம் ஆவணி வரை நிறைந்துவிட்டது. மாலைப் படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவரைத் தவிர அங்கே யாரும் போவதில்லை.